அஞ்சு நாளுக்கு எழுதின சீட்டு, நாலு வருசம் ஓடிடுச்சு: அம்மாவோட மூட்டுவலி மாத்திரையை எப்படி நிறுத்துறது?

நாகலூர்_மகள் | ஜூன் 8, இரவு 9.50

எல்லாருக்கும் வணக்கம். நாங்க ஏற்காடு மலையில நாகலூர் பக்கம். அம்மாவுக்கு 58 வயசு. இருபத்தஞ்சு வருசத்துக்கு மேல எஸ்டேட்ல காப்பிப் பழம் பறிக்கிறாங்க. நவம்பர்ல ஆரம்பிச்சா ஜனவரி, பிப்ரவரி வரைக்கும் சரிவுலதான் வேலை. இடுப்புல பையைக் கட்டிக்கிட்டு ஒரு கால் மேட்டுல, ஒரு கால் பள்ளத்துலன்னு நாள் முழுக்க நிக்கணும். ரெண்டு முழங்காலும் தேஞ்சிருக்குன்னு நாலு வருசத்துக்கு முன்னாடி எக்ஸ்ரே எடுத்துச் சொன்னாங்க. அன்னைக்கு எழுதிக் குடுத்த சீட்டு இன்னும் அம்மாவோட சுருக்குப்பையில இருக்கு. மடிச்சு மடிச்சு மடிப்புல கிழிஞ்சு, பின்னாடி டேப் ஒட்டியிருக்கு. மாசத்துக்கு ஒருக்கா சேலம் இறங்கும்போது அதை நீட்டுவாங்க, மெடிக்கல்ல ஆறு அட்டை குடுத்துடுவாங்க. நேத்துதான் அதை வெளிச்சத்துல வச்சுப் படிச்சேன். "5 நாள்"னு எழுதியிருக்கு.

ரெண்டு மாசமா காலு வீங்குது. கணுக்கால்ல விரலை வச்சு அழுத்தினா குழி விழுந்து அப்படியே நிக்குது. பிரஷர் மாத்திரை தவறாம போட்டும் 168/100. ரத்தம் எடுத்துப் பார்த்தா, கிட்னி சரியா வடிகட்டலைன்னா ஏறுற கிரியேட்டினின் 1.9. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு, "வலி மாத்திரையை இன்னையோட நிறுத்துங்க, கிட்னி பாதிச்சிருக்கு"ன்னு சொல்லிட்டார். வெளிய இன்னும் முப்பது பேர் உக்காந்திருந்தாங்க. பதிலுக்கு என்ன பண்றதுன்னு கேக்க நேரம் கிடைக்கல.

நிறுத்தி ஆறு நாள் ஆச்சு. ராத்திரி பாத்ரூம் போக எழுந்தா செவுத்தைப் புடிச்சுக்கிட்டு நின்ன இடத்துலயே அழுறாங்க. நேத்து என்கிட்ட சொன்னாங்க, "கிட்னி போனா போகட்டும், என் காலை எனக்குக் குடு"ன்னு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. இப்படி மாத்திரையை விட்டவங்க, குறைச்சவங்க இங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

மருந்தாளுநர்_அஸ்தம்பட்டி | ஜூன் 8, இரவு 10.35

அம்மா, முதலில் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் தரையில் பரப்புங்கள். பிரஷர் மாத்திரை, கேஸ் மாத்திரை, சத்து மாத்திரை, பொட்டலம் என்று எதையும் விடவேண்டாம். பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை மட்டும் பார்த்து இங்கே எழுதுங்கள்.

36 வருடம் மருந்துக்கடையில் நின்றவன் நான். பழைய சீட்டுக்கு நானும் கொடுத்திருக்கிறேன். பேருந்துக்கு நேரமாகிறது என்று அவசரப்படும் முகத்தைப் பார்த்தால் மறுக்க மனம் வராது. அது தவறு என்பதை ஓய்வு பெற்ற பிறகு உட்கார்ந்து யோசிக்கும்போதுதான் முழுதாக உணர்கிறேன். உங்கள் அம்மாவுக்கு அந்த அட்டையை நான் கொடுக்கவில்லை. ஆனால் அவரைப் போன்ற பலருக்குக் கொடுத்திருக்கிறேன்.

நாகலூர்_மகள் | ஜூன் 8, இரவு 11.20

பரப்பிப் பார்த்துட்டேன் சார். அசிக்ளோபினாக் 100, பாராசிட்டமால் 325 சேர்ந்தது, காலையிலயும் ராத்திரியும். இது சீட்டுல இருக்கிறது. அப்புறம் டைக்ளோபினாக் 50ன்னு பாதி காலியான அட்டை. ரொம்ப வலிச்சா மட்டும் போடுவேன்னு வேற கடையில வாங்கினாங்களாம், எனக்கே தெரியாது. கேஸுக்கு பேன்டாபிரசோல் 40. பிரஷருக்கு டெல்மிசார்டன் 40, ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 சேர்ந்த மாத்திரை. கால்சியம். இதோட பேரே இல்லாத வெள்ளைக் கவர்ல பழுப்புப் பொடி. வாதத்துக்கான மூலிகைன்னு சந்தையில ஒருத்தர்கிட்ட வாங்கியிருக்காங்க. பத்து நாளா வெந்நீர்ல கலக்கிக் குடிச்சிருக்காங்க.

மருந்தாளுநர்_அஸ்தம்பட்டி | ஜூன் 9, காலை 6.15

பார்த்தேன். அசிக்ளோபினாக்கும் டைக்ளோபினாக்கும் அண்ணன் தம்பி மாதிரி. அசிக்ளோபினாக்கில் ஒரு பகுதி உடம்புக்குள் போய் டைக்ளோபினாக்காகவே மாறும். இரண்டையும் போடுவது ஒரே மருந்தைக் கூட்டிப் போடுவதுதான். அட்டையின் நிறமும் பெயரும் வேறாக இருப்பதால் வேறு மருந்து என்று நினைத்துவிடுகிறோம்.

இந்த வகை மாத்திரைகள் வீக்கத்தையும் வலியையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை உடம்பு தயாரிக்கவிடாமல் தடுக்கின்றன. ஆனால் அதே பொருள்தான் இரைப்பையின் உள்தோலைக் காக்கிறது. சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் குழாயை விரித்து வைத்திருப்பதும் அதுதான். வலிக்காக அதை அடைத்தால் அந்தக் குழாயும் சுருங்கும். வாலிப வயதில் நான்கு நாள் போட்டால் பெரும்பாலும் தாங்கும். உங்கள் அம்மா கூடவே பிரஷர் மாத்திரையும் போடுகிறார். டெல்மிசார்டன், ரத்தம் வெளியேறும் பக்கத்துக் குழாயைத் தளர்த்தும். அதோடு சேர்ந்திருக்கும் தயசைடு உடம்பில் உள்ள நீரைக் குறைக்கும். வரத்தும் குறைந்து, அழுத்தமும் குறைந்து, நீரும் குறைந்தால் சிறுநீரகம் எதை வைத்து வடிகட்டும்? இந்த மூன்றும் ஒன்று சேரக்கூடாது என்பது மருந்தாளுநர் படிப்பில் வரும் பாடம். பிரஷர் மாத்திரை தனியாக இருக்கும்போது நல்ல மருந்துதான், அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பிரஷர் கட்டுப்படாமல் போனதற்கும் கால் வீங்கியதற்கும் வலி மாத்திரையே காரணமாக இருக்கலாம், அது உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும்.

பேன்டாபிரசோல் சேர்த்துப் போட்டால் வலி மாத்திரையால் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. அது வயிற்றுப் புண்ணிலிருந்துதான் காக்கும். சிறுநீரகத்தை அது காப்பதில்லை, இதயத்தையும் காப்பதில்லை. ரோபிகாக்சிப் என்ற வலி மாத்திரை வயிற்றுக்கு இதமானது என்று பெயர் வாங்கி உலகம் முழுக்க விற்றது. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுகிறது என்று தெரிந்து 2004இல் சந்தையைவிட்டே எடுத்தார்கள்.

டைக்ளோபினாக் சிறுநீரகத்தை என்ன செய்யும் என்பதை நம் நாட்டில் வெளிச்சமாகக் காட்டியவை பிணந்தின்னிக் கழுகுகள். வலிக்காக இந்த ஊசி போட்ட மாடு செத்தபின் அதைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாக விழுந்தன. அதனால்தான் 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மனிதனுக்கு அந்த அளவு ஆபத்து இல்லை, நம் உடம்பு அதை வேகமாக வெளியேற்றிவிடும். ஆனாலும் நான்கு வருடம் தினம் இருவேளை என்று நினைக்கும்போது எனக்கு அந்தக் கழுகுகள்தான் ஞாபகம் வருகின்றன.

பட்டறைக்காரன் | ஜூன் 9, மதியம் 1.40

சார் சொல்றதெல்லாம் சரிதானுங்க. ஆனா இதைப் படிக்கிறப்ப எனக்கு ஆத்தாமையா இருக்கு. நான் கொலுசு வேலை செய்யறவன், சிவதாபுரம் பக்கம். 41 வயசு. காலையில எட்டு மணிக்குக் குனிஞ்சா ராத்திரி எட்டு வரைக்கும் குனிஞ்சபடிதான். ஒவ்வொரு கண்ணியா, ஒவ்வொரு பூவா இடுக்கியில புடிச்சுப் பத்த வைக்கணும். கழுத்து பின்னாடி இருந்து வலது தோள்பட்டை வழியா சுண்டுவிரல் வரைக்கும் கம்பி பழுக்கக் காய்ச்சி இழுத்த மாதிரி இருக்கும். ஏழு வருசமா இதே கதை. மெடிக்கல்ல செட் மாத்திரை கேட்டா சின்னக் கவர்ல அஞ்சு நிறத்துல போட்டுத் தருவாங்க. காலையில ஒரு செட், சாயந்தரம் ஒரு செட். போட்டா அரை மணியில கை இளகும். போடலைன்னா இடுக்கி நடுங்கும். நடுங்குச்சுன்னா வெள்ளி வீணாகும், அன்னைக்குக் கூலி போச்சு.

ரெஸ்ட் எடு, மாத்திரையை விடுன்னு எல்லாரும் சொல்றாங்க. அந்த ரெஸ்ட்டுக்கு யாருங்க கூலி குடுப்பா? ஆடி மாசத்துக்கு ஆர்டர் நிக்குது. பொண்ணு பன்னெண்டாவது. அந்த அம்மா சொன்னது எனக்குப் புரியுது. "என் காலை எனக்குக் குடு"ன்னு கேட்டாங்க பாருங்க, நானும் என் கையைத்தான் கேக்கறேன்.

மருந்தாளுநர்_அஸ்தம்பட்டி | ஜூன் 9, மதியம் 2.05

தம்பி, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதைப் பிறகு பேசலாம். இரண்டு கேள்விக்கு மட்டும் உடனே பதில் சொல்லுங்கள். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? மலம் கறுப்பாக, தார் போலப் போகிறதா?

பட்டறைக்காரன் | ஜூன் 9, மதியம் 2.30

மூச்சு வாங்குது. வயசாகுதுன்னு நெனச்சேன். மலம் ஒரு மாசமா கறுப்பாத்தான் போகுதுங்க. பிசுபிசுன்னு ஒட்டும், நாத்தமும் வேற மாதிரி இருக்கும். வலி எதுவும் இல்லை, அதனால விட்டுட்டேன்.

வார்டு_அக்கா | ஜூன் 9, மதியம் 2.38

தம்பி, நான் நர்ஸ். வேலையை அப்படியே வச்சிட்டு இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. நாளைக்குன்னு வேணாம். அந்தக் கறுப்பு ரத்தம். இரைப்பையில புண்ணு விழுந்து கசியுது. வலி மாத்திரையே போட்டுட்டு இருக்கறதால புண்ணோட வலி தெரியாது, அதுதான் இதுல மோசம். தலை சுத்துனா, வேர்த்தா வண்டி ஓட்டாதீங்க, யாரையாச்சும் கூட்டிட்டுப் போங்க, இல்லைன்னா 108 கூப்பிடுங்க. போறப்ப அந்த செட் கவரையும் எடுத்துட்டுப் போங்க. போய் சேர்ந்ததும் இங்க ஒரு வரி போடுங்க.

மலைத்தேன் | ஜூன் 9, மாலை 5.10

இதுக்குத்தான் இங்கிலீஷ் மருந்தே வேண்டாம் என்கிறேன். அம்மாவுக்கு வைத்திருக்கும் அந்த மூலிகைப் பொடியைத் தொடர்ந்து கொடுங்கள். எங்கள் வீட்டிலும் சந்தைப் பொடிதான். என் மாமா மூன்றே நாளில் எழுந்து நடந்தார். பக்க விளைவே கிடையாது.

வார்டு_அக்கா | ஜூன் 9, இரவு 8.45

மலைத்தேன், உங்க மாமா மூணே நாள்ல எழுந்து நடந்தாருன்னு சொல்றது எனக்கு சந்தோஷத்தைவிட பயத்தைத்தான் தருது. எங்க மாமனாருக்கு இப்படித்தான் ஆச்சு. பெயர் இல்லாத ஒரு பொடி. மூணாம் நாள் ஊரெல்லாம் நடந்தார், பசி நல்லா எடுத்துச்சு, முகம் தளதளன்னு ஆச்சு. புதுசா ரத்தம் ஊறியிருக்குன்னு நாங்களும் நெனச்சோம். எட்டு மாசத்துல முகம் நிலா மாதிரி உருண்டுருச்சு, வயிறு முன்னால தள்ளுச்சு, கையில தோல் காகிதம் மாதிரி ஆகி லேசா இடிச்சாலே கன்னிப்போச்சு. சர்க்கரை 400ஐத் தாண்டுச்சு. அப்புறம் அந்தப் பொடிக்காரர் வர்றது நின்னுபோச்சு. பொடி நின்ன நாலாம் நாள் மாமனார் கட்டில்ல இருந்து எழுந்திரிக்கல. பிரஷர் இறங்கி, வாந்தி எடுத்து, ஐசியூவுல சேர்த்தோம். பொடியில ஸ்டீராய்டு கலந்திருக்கணும்னு டாக்டர் சொன்னார்.

உடம்புல அட்ரீனல் சுரப்பின்னு ஒண்ணு இருக்கு, கார்டிசால் சுரக்கும். வெளிய இருந்து வாரக்கணக்குல ஸ்டீராய்டு போய்க்கிட்டே இருந்தா அது தன் வேலையை மறந்துரும். திடீர்னு நிறுத்தினா உடம்புக்கு ஊன்ற ஒண்ணுமே இருக்காது. டாக்டர் எழுதிக் குடுக்கிற ஸ்டீராய்டையும் அதனாலதான் படிப்படியா இறக்குவாங்க. முறையா படிச்ச சித்த வைத்தியர் அரசு ஆஸ்பத்திரியிலயே இருக்காங்க, அவங்களை நான் குறை சொல்லல. பேரும், செஞ்ச இடமும், தேதியும் இல்லாத பொட்டலத்தைத்தான் சொல்றேன்.

நாகலூர் தங்கச்சி, அம்மா குடிச்சது பத்து நாள்தான்னாலும் அந்தக் கவரை டாக்டர்கிட்ட காட்டிடுங்க. மலைத்தேன், உங்க மாமாவோட சர்க்கரையை இந்த வாரமே பாருங்க. பொடியைத் திடீர்னு நிறுத்த வேணாம், டாக்டர்கிட்ட காட்டிட்டு நிறுத்துங்க.

இளம்பிள்ளை_சேலை | ஜூன் 10, காலை 11.00

இந்த இழையில் எல்லாரும் மாத்திரையின் ஆபத்தையே பேசுகிறீர்கள். இன்னொரு பக்கமும் இருக்கிறது.

எங்கள் வீட்டில் தறி. 34 வயதில் எனக்குக் காலையில் விரல் மடங்காமல் போனது. இரண்டு கையிலும், ஒரே மாதிரி. எழுந்து ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் டம்ளர் பிடிக்க முடியும். தறி வேலைக்கு வலிக்கத்தான் செய்யும் என்று மூன்று வருடம் வலி மாத்திரை மட்டுமே போட்டேன். வலி அடங்கியது, நோய் உள்ளே தன் பாட்டுக்கு எலும்பைத் தின்றுகொண்டிருந்தது. என் இடது கை மோதிர விரல் இப்போதும் பக்கவாட்டில் சாய்ந்துதான் இருக்கிறது. அந்த மூன்று வருடம் திரும்பக் கிடைக்காது.

பிறகுதான் முடக்குவாதம் என்று தெரிந்தது. அந்த நோயையே அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் தொடங்கினார்கள். வாரத்தில் ஒரே ஒரு நாள் போடும் மாத்திரை. எனக்கு ஞாயிறு. நாட்காட்டியில் ஞாயிறைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன், ஏனென்றால் தவறித் தினமும் போட்டால் உயிரையே எடுக்கும். இன்னொரு நாள் போலிக் ஆசிட். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஈரலுக்கும் ரத்த அணுவுக்கும் டெஸ்ட். அதே நோய்க்கு ஹைட்ராக்சிகுளோரோகுவினும் போடுவதால் கண் பரிசோதனையும் உண்டு. பத்து வருடம் ஆகிறது. "இவ்வளவு நாள் மாத்திரை போட்டா கிட்னி போயிடும், விட்டுடு" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. அவர்கள் பேச்சைக் கேட்டு ஒருமுறை நாலு மாதம் விட்டேன். வலது மணிக்கட்டு வீங்கியது, சேலையில் முடிச்சு எடுக்க முடியவில்லை.

எனக்கு வருடக்கணக்கில் மாத்திரை போடுவது ஆபத்து இல்லை, போடாமல் இருப்பதுதான் ஆபத்து. யார் கண்காணிப்பில், எந்த நோய்க்கு, எந்த டெஸ்டோடு போடுகிறோம் என்பதைப் பாருங்கள். காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், விரல் கணுக்கள் வீங்கினால், தேய்மானம் என்று நீங்களே முடிவு கட்டாமல் மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள்.

நாகலூர்_மகள் | ஜூன் 10, இரவு 9.15

அக்கா, நல்ல வேளை சொன்னீங்க. அம்மாவுக்குக் காலையில இறுக்கம் பத்து நிமிசத்துல போயிடும், விரல்ல வீக்கம் இல்லை. நடக்க நடக்கத்தான் வலி கூடுது.

இன்னைக்கு டாக்டர்கிட்ட மறுபடி போனோம், வேற கேள்வி கேக்கணும்னு முன்னாடியே சொல்லி. பொடிக் கவரைப் பார்த்தார், பத்து நாளோட விட்டுட்டது நல்லது, இனிமே தொடவேண்டாம்னு சொன்னார். இப்போதைக்கு பாராசிட்டமால் மட்டும், 500 ஒரு நாளைக்கு மூணு தடவை. பிரஷர் மாத்திரையை மாத்தியிருக்கார். கிட்னி வடிகட்டுற அளவு 30ன்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கு, அது 90க்கு மேல இருக்கணுமாம். பக்கத்து வீட்டு அண்ணன் தனக்கு நரம்பு வலிக்குத் தர்ற ப்ரீகாபலின் 75 ரெண்டு அட்டை இருக்கு, எடுத்துக்கச் சொல்றார். குடுக்கலாமா?

மருந்தாளுநர்_அஸ்தம்பட்டி | ஜூன் 10, இரவு 10.00

வேண்டாம். ப்ரீகாபலின் சிறுநீரகம் வழியாகவே வெளியேறும் மருந்து. வடிகட்டும் திறன் 30இல் இருப்பவருக்கு அண்ணனின் அளவு அதிகமாகிவிடும். தலைசுற்றலும் தூக்கமும் தரும். உங்கள் வீட்டு வாசலில் எத்தனை படி, எவ்வளவு சரிவு என்று யோசியுங்கள், விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் எல்லாம் வேறாகிவிடும். கால் வீக்கத்தையும் அது கூட்டும். பழகியவர்கள் அதைத் திடீரென நிறுத்தவும் கூடாது.

பாராசிட்டமால் எழுதிய அளவில் இருக்கட்டும். நல்ல உடம்புக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சம், முதியவருக்கும் ஈரல் பலவீனமானவருக்கும் அதைவிடக் குறைவு. சளி மாத்திரையிலும் அது கலந்திருக்கும், எனவே பொடி எழுத்தைப் படியுங்கள். டிரமடால் என்ற கடும் வலி மாத்திரை பற்றியும் யாராவது சொல்வார்கள். அது 2018 முதல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது, கடையில் கேட்டு வாங்கும் மருந்தல்ல.

இன்னொன்று. கிரியேட்டினின் கூடும்போது பாதிச் சிறுநீரகத் திறன் போயிருக்கலாம். ஆகவே தினமும் வலி மாத்திரை போடும் எவரும் அது கூடும்வரை காத்திருக்காமல் பிரஷர், கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், ஹீமோகுளோபின் இந்த நான்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால், சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து என்று அர்த்தம்.

கெங்கவல்லி | ஜூன் 11, காலை 7.30

குறுக்கே வருகிறேன். என் அப்பாவுக்குப் புற்றுநோய், முதுகெலும்புக்குப் பரவிவிட்டது. கடும் வலிக்குத் தரும் மார்பின் எழுதினார்கள். அடிமையாகிவிடுவார் என்று பயந்து பதினொரு நாள் கொடுக்காமல் பீரோவில் பூட்டி வைத்தேன். அந்தப் பதினொரு நாளும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தார். அப்புறம் நோய்தணிப்புச் சிகிச்சை நர்ஸ் வீட்டுக்கு வந்து, சரியான அளவில் கொடுத்தால் இந்த வலிக்கு இதுதான் மருந்து என்று விளக்கி, மலச்சிக்கலுக்கும் சேர்த்து மருந்து கொடுத்தார். அன்றிரவு அப்பா தூங்கினார். கடைசி ஏழு வாரம் பேசிக்கொண்டிருந்தார். புற்றுநோய் வலியோடு யாராவது இதைப் படித்தால், நான் பூட்டி வைத்ததைப் போல் பூட்டாதீர்கள்.

பிசியோ_ஆத்தூர் | ஜூன் 11, இரவு 9.40

நாகலூர் அக்கா, மாத்திரையை எடுத்துட்டு அந்த இடத்தைக் காலியா விட்டா யாராலும் தாங்க முடியாது. அந்த இடத்துல என்ன வைக்கறதுன்னு சொல்றேன்.

அம்மாவை பாயில காலை நீட்டி உக்கார வைங்க. துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில வைங்க. முழங்காலால துண்டைத் தரையோட அழுத்தச் சொல்லுங்க, தொடை முன்பக்கம் கல்லு மாதிரி இறுகணும். உங்க உள்ளங்கையைத் தொடை மேல வச்சுப் பாருங்க, இறுக்கம் தெரியும். அஞ்சு எண்ணி விடணும். பத்து தடவை, ஒரு நாளைக்கு மூணு வேளை. ஒரு வாரம் கழிச்சு நாற்காலியில உக்காந்து காலை நீட்டிப் பிடிக்கறது. அந்தத் தொடைத் தசைதான் முழங்காலுக்கு வர்ற சுமையை வாங்குது. முதல் பத்து நாள் வலி கொஞ்சம் கூடும், பயப்படாதீங்க. மறுநாள் காலையில வலி பழைய நிலைக்கு வந்துட்டா செஞ்ச அளவு சரி. மறுநாளும் தூக்கலா இருந்தா பாதியா குறைங்க.

ஊன்றுகோலை வலிக்கிற கால் பக்கம் புடிப்பாங்க, அது தப்பு. எந்தக் கால் அதிகம் வலிக்குதோ அதுக்கு எதிர்க் கையில புடிக்கணும். மேட்டுல ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது வலிக்கிற கால் முதல்ல. மலையில இருக்கிறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். கழிப்பறையில குத்த வைக்க விடாதீங்க, நடுவுல ஓட்டை வச்ச நாற்காலி விக்குது, அதை மேல போட்டுக்கலாம். எடை ஒரு கிலோ குறைஞ்சா நடக்கும்போது முழங்காலுக்குக் கிட்டத்தட்ட நாலு கிலோ சுமை குறையும்.

மூணு மாசத்துக்கு மேல நிக்கிற வலி வேற ஜாதி. எங்க வீடு அம்மாபேட்டையில விசைத்தறிக்கு நடுவுல இருந்துச்சு. ராத்திரி தறியை நிறுத்தின பிறகும் காதுக்குள்ள டக்கடக்குன்னு ஓடிக்கிட்டே இருக்கும். நாள்பட்ட வலியில நரம்பு அப்படித்தான் ஆகுது, காயம் சின்னதானாலும் சத்தம் நிக்கறதில்லை. அதுக்காக வலி பொய்ன்னு ஆகாது. அம்மா சொல்ற வலி அத்தனையும் நெசம். தூக்கம், பயமில்லாம அசையறது, கொஞ்சம் கொஞ்சமா வேலையைக் கூட்டறது, இதெல்லாம்தான் அந்தச் சத்தத்தைக் குறைக்கும். நல்லா இருக்கிற நாள்ல எல்லா வேலையும் செஞ்சுட்டு மறுநாள் படுத்துக்கறதுதான் நான் அதிகம் பார்க்கிற தப்பு. இருபது நிமிசம் நின்னா அஞ்சு நிமிசம் உக்காரணும், வலிக்கறதுக்கு முன்னாடியே.

2021 ஆகஸ்ட்ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்துல பிசியோதெரபியும் வீட்டுக்கே வருது. உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் குடுங்க. பட்டறைக்கார அண்ணா எங்க போனார்? யாருக்காச்சும் தெரியுமா?

பட்டறைக்காரன் | ஜூன் 16, மாலை 6.20

இருக்கேனுங்க. அன்னைக்கு அக்கா சொன்ன மாதிரியே போனேன். ஹீமோகுளோபின் 6.8. ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்துனாங்க. எண்டோஸ்கோபியில இரைப்பைக்குக் கீழ ஒரு ரூபாய் காசு அளவுக்குப் புண்ணு. வயித்துப் புண்ணை உண்டாக்குற பைலோரி கிருமியும் இருக்குதாம், 14 நாள் மாத்திரை குடுத்திருக்காங்க. செட் கவரைப் பிரிச்சுப் பார்த்த டாக்டரு, வெள்ளை டைக்ளோபினாக் ஒண்ணு, மஞ்சள்ல வேற வலி மாத்திரை ஒண்ணு, குட்டியா இருக்கிறது ஸ்டீராய்டுன்னு ஒவ்வொண்ணா எடுத்து மேசையில வச்சார். ஏழு வருசமா நான் எதை முழுங்குனேன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. ஸ்டீராய்டை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா இறக்கச் சொல்லி எழுதிக் குடுத்திருக்காங்க.

கழுத்துல எம்ஆர்ஐ எடுத்தாங்க, நரம்பு ஓரிடத்துல அமுங்கியிருக்கு. ஆபரேஷன் வேணாமாம். நரம்பு வலிக்கு ராத்திரி அமிட்ரிப்டிலின் 10. பட்டறையில மேசையை ஒரு முழம் உயர்த்தி, தலை குனியாம வேலை செய்யற மாதிரி மாத்தச் சொன்னாங்க. முதலாளிகிட்ட சொன்னேன், செங்கல் அடுக்கி உயர்த்திக்கிட்டோம். வலி போயிடுச்சான்னு கேட்டா, இல்லைங்க. பத்துக்கு எட்டு இருந்தது ஆறுல நிக்குது. வேலை மெதுவாத்தான் ஓடுது, ஆடி ஆர்டர்ல பாதியை வேற பட்டறைக்கு விட்டுட்டோம்.

நாகலூர்_மகள் | செப்டம்பர் 2, இரவு 8.30

ரொம்ப நாள் எழுதல, மன்னிச்சுக்குங்க. முதல் ரெண்டு வாரம் கொடுமை. ஒரு நாள் மிளகு டப்பாவுல கையை விட்டா அடியில ஒரு அட்டை, நாலு மாத்திரை. அம்மா ஒளிச்சு வச்சிருந்தாங்க. நான் கத்தல. எடுத்து அவங்க கையிலயே குடுத்தேன். கொஞ்ச நேரம் வச்சுப் பார்த்துட்டு அடுப்புல போட்டுட்டாங்க.

துண்டை அழுத்துறது தினம் நடக்குது. ஒரு நோட்டுல ராத்திரி வலிக்கு நம்பர் போட்டு வைக்கிறேன். ஜூன்ல வாரம் பூரா எட்டு, ஒன்பது. இப்ப வாரத்துல மூணு ராத்திரி அஞ்சுக்குள்ள வருது, மத்த நாள் இன்னும் வலிதான். நாற்காலி வாங்கிட்டோம். வீக்கம் வத்திடுச்சு, பிரஷர் 136/84. போன வாரம் கிரியேட்டினின் 1.4, வடிகட்டுற அளவு 43. பழையபடி முழுசா வராது, இதுக்கு மேல போகாம பார்த்துக்கணும்னு டாக்டர் சொன்னார். நவம்பர்ல சரிவுக்குப் போக வேணாம்னு மேஸ்திரிகிட்ட பேசினோம். களத்துல உக்காந்து காப்பிக் கொட்டை பொறுக்குற வேலை தர்றேன்னார். கூலி கம்மிதான், அம்மா ஒத்துக்கிட்டாங்க.

பழைய சீட்டு இன்னும் சுருக்குப்பையில இருக்கு. அதைக் கிழிக்க மட்டும் விடமாட்டேங்கறாங்க. அதுக்கு மேலயே புதுச் சீட்டை மடிச்சு வச்சிருக்காங்க.

நான் இங்க படிச்சதை எல்லாம் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுவேன். தினமும் கேக்கறாங்க, "அந்தக் கொலுசுக்காரத் தம்பிக்கு ரத்தம் ஊறுச்சா?"ன்னு.

பட்டறைக்காரன் | செப்டம்பர் 3, காலை 7.05

11.2 ஆயிடுச்சுங்க. அம்மாகிட்ட சொல்லிடுங்க.